சான்றிதழுக்கு விண்ணப்பிக்க எந்த வழி: கடையா, இ-சேவை மையமா, நம் கைபேசியா?

சென்ற ஆண்டு மகளின் பொறியியல் கலந்தாய்வு. இந்த ஆண்டு மகனின் கல்வி உதவித்தொகை. இந்த இரண்டுக்குமாக மூன்று சான்றிதழ்களுக்கு மூன்று வழிகளில் விண்ணப்பித்துப் பார்த்துவிட்டேன். மின்னணுச் சாதிச் சான்றுக்கு எங்கள் தெருமுனையில் உள்ள கணினிக் கடை, முதல் பட்டதாரிச் சான்றுக்கு (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கானது) வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள அரசு இ-சேவை மையம், வருமானச் சான்றுக்கு வீட்டில் உட்கார்ந்தபடி இ-சேவை இணையதளம். இனி நான் போகும் வழி மூன்றாவதுதான். அதற்குக் காரணம் செலவும் அல்ல, அலைச்சலும் அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்த வழியில் விண்ணப்பித்தாலும் மனு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கிராம நிர்வாக அலுவலர் பார்ப்பார், அடுத்து வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் வட்டாட்சியர் அலுவலகம். பழங்குடியினர் சாதிச் சான்று என்றால் கோட்டாட்சியர் வரை போகும். “நம்மிடம் கொடுத்தால் சீக்கிரம் வந்துவிடும்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். விண்ணப்பத்தை உள்ளே அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது.

பணத்திலும் பேச அதிகம் இல்லை. அரசு மையத்தில் வருவாய்த் துறைச் சான்றிதழுக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். கடையில் அதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். நகல், ஸ்கேன் எல்லாம் சேர்த்து என்றார்கள். கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் கேன் (CAN) எண்ணில்தான் தொடங்கியது. இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பதிவு எண் அது. வருவாய்த் துறைச் சான்றிதழ் எதற்கு விண்ணப்பிப்பதானாலும் முதலில் இந்த எண் வேண்டும். பெயர், முகவரி, ஆதார், கைபேசி எண் எல்லாம் கொடுத்து ஒருமுறை பதிந்தால் போதும். பிறகு எந்தச் சான்றுக்கும் அதே எண்தான். ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் அதில் பதிந்திருக்கும் கைபேசிக்கு ஓடிபி வரும். மனு எந்த நிலையில் இருக்கிறது என்ற குறுஞ்செய்தியும் அங்கேதான் வரும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

கடையில் கூட்டம். என் கைபேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. “அக்கா, ஓடிபி வர நேரமாகும். என் எண்ணைப் போட்டுவிடுகிறேன், ஒன்றும் ஆகாது” என்றார் அந்தத் தம்பி. சரி என்றேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பத்து நாள் ஆகியும் தகவல் இல்லை. கிராம நிர்வாக அலுவலகத்துக்கே நேரில் போனேன். அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, “இதைத் திருப்பி அனுப்பி எட்டு நாள் ஆகிறதே அம்மா, குறுஞ்செய்தி வரவில்லையா?” என்று கேட்டார். குடும்ப அட்டையின் ஸ்கேன் மங்கலாக இருந்ததாம். மீண்டும் ஏற்றினால் தீர்ந்துவிடும் சின்ன விஷயம். ஆனால் அந்தச் செய்தி போயிருந்தது கடைக்காரரின் கைபேசிக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய செய்திகள் அவருக்கு வருமோ! அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? கலந்தாய்வு இணையதளத்தில் சான்றிதழ்களைப் பதிவேற்றும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த எட்டு நாளும் நான் ஒன்றும் அறியாமல் வீட்டில் காத்திருந்தேன்.

அத்தோடு முடியவில்லை. முதல் பட்டதாரிச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்குப் போய் அரை மணி நேரம் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் மகளின் கேன் எண்ணைக் கொடுத்தேன். திரையைப் பார்த்த அந்த அம்மா, “ஓடிபி போயிருக்கிறது, சொல்லுங்கள்” என்றார். என் கைபேசியில் ஒன்றும் வரவில்லை. “கடைசி நான்கு எண் இது. யாருடையது?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்கு அழைத்தால் மதிய உணவு நேரம், யாரும் எடுக்கவில்லை. பின்னால் பதினைந்து பேர். ஒதுங்கி நின்று, மூன்றரை மணிக்கு அவர் எடுத்த பிறகு ஓடிபி வாங்கி, முதல் வேலையாகக் கைபேசி எண்ணை மாற்றச் சொன்னேன். பெற்ற மகளின் சான்றிதழுக்கு ஒரு கடைக்காரர் தொலைபேசியை எடுக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அது இன்னமும் உறுத்துகிறது.

ஆனாலும் அந்த மையத்தைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல நிறைய இருக்கிறது. எந்தெந்தக் காரணத்துக்காக மனுக்கள் திரும்பி வருகின்றன என்பது தினமும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மனப்பாடம். முதல் பட்டதாரிச் சான்றில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் படிப்பையும் குறிப்பிட வேண்டும். அந்தச் சான்றால் கிடைக்கும் கட்டணச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். என் மாமனாரின் படிப்புக்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன். “பள்ளிக்கே போகவில்லை என்றாலும் அதை எழுதிவிடுங்கள், வெற்றாக விடாதீர்கள்” என்று சொல்லித் திருத்தியவர் அந்த அம்மாதான். அந்த மனு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எனவே முதல் பட்டதாரிச் சான்று போலக் குடும்ப விவரம் நிறையக் கேட்கும் ஒன்றுக்கு முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் மையத்துக்குப் போவதே மேல் என்பேன்.

இந்த ஆண்டு வருமானச் சான்றுக்கு நானே உட்கார்ந்தேன். என் பெயரில், என் கைபேசி எண்ணோடு, புதிதாகக் கேன் பதிவு. ஆங்கிலத்தில் பெயரை அடித்ததும் பக்கத்துக் கட்டத்தில் தமிழில் தானாக வந்து நின்றது. என் பெயரில் உள்ள ழகரம் லகரமாகி இருந்தது. நிறுத்தி, திருத்தி, அப்பாவின் பெயரையும் ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். வரிசையில் நின்றிருந்தால் பின்னால் நிற்பவர்களை நினைத்து விட்டிருப்பேன். குடும்ப அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மூன்று முறை படமெடுத்தேன். முதல் படத்தில் என் கை நிழல், இரண்டாவதில் பளபளப்பு; மூன்றாவதில்தான் எண் முழுதாகத் தெரிந்தது. விண்ணப்பதாரர் உறுதிமொழிப் படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டு அதையும் ஏற்ற வேண்டும். அச்சு எடுக்க மட்டும் அதே கடைக்குப் போனேன். தம்பி நன்றாகத்தான் பேசினார்.

வீட்டிலிருந்து செய்வதிலும் தொல்லை உண்டு. ஒவ்வொரு கோப்பின் அளவையும் சுருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க மகள் இருந்தாள். இரவில் இணையதளம் இருமுறை பாதியில் வெளியே தள்ளியது. கட்டணம் செலுத்தியபோது வங்கியிலிருந்து பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. பதறி மறுபடி கட்டிவிடாமல் விட்டேன். மறுநாள் காலையில் ரசீது இருந்தது. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். மொத்தத்தில் அந்த விண்ணப்பம் ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

ஐந்தாம் நாள் குறுஞ்செய்தி வந்தது, என் கைபேசிக்கே. சம்பளச் சான்று பழையது, புதியது வேண்டும் என்று திருப்பியிருந்தார்கள். அன்று மாலையே புதிய சம்பளச் சான்றை ஏற்றினேன். சென்ற ஆண்டு எட்டு நாளைத் தின்ற அதே மாதிரிச் சிக்கல், இந்த முறை சில மணி நேரத்தில் தீர்ந்தது. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அடுத்த ஆண்டும் இதே வேலை காத்திருக்கிறது. கேன் எண் கையில் இருப்பதால் அப்போது பாதி நேரம்கூட ஆகாது என்று நினைக்கிறேன்.

வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் போன்றவற்றுக்கு இந்த ஒப்பீடு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நான் விண்ணப்பித்தவை இந்த மூன்றும்தான். கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்கள் போகலாம், அதில் தவறில்லை. கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் என்ன அடிக்கிறார்கள் என்று மட்டும் திரையை எட்டிப் பாருங்கள். சிக்னல் இல்லையென்றால் வெளியே வந்து நின்று ஓடிபி வரும்வரை காத்திருங்கள். ஏற்கெனவே கேன் எண் இருக்கிறதா? அதில் யாருடைய எண் பதிந்திருக்கிறது என்று, அவசரம் எதுவும் இல்லாத இந்த நாட்களிலேயே பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று போன வாரம் கேட்டார். அவரிடம் இருப்பது பழைய பொத்தான் கைபேசி; குறுஞ்செய்தி படிக்கத் தெரியாது. என் எண்ணையே கொடுத்துவிடச் சொன்னார். நான் மறுத்துவிட்டு அவரை மையத்துக்கு அழைத்துப்போனேன். அவருடைய எண்ணையே பதிந்தோம். இப்போது தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் படியேறி வந்து, முந்தானையில் முடிந்த கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டுகிறார். நான் படித்துச் சொல்கிறேன்.