10 நிமிடம் ஓட்டிக் காட்டி விற்கப்படும் பழைய ஜீரோ டர்ன் மோவர்: பணம் கொடுக்குமுன் படியுங்கள்

ஜீரோ டர்ன் மோவர் என்பது இரண்டு லீவர்களால் ஓட்டி, நின்ற இடத்திலேயே திருப்பக்கூடிய புல்வெட்டும் வண்டி. விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 54 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் அடிப்பெட்டி), 23 குதிரைத்திறன், 180 மணி நேரம் ஓடியது, ஒரே வீட்டுக்காரர் கை, 3,400 டாலர். அமெரிக்காவில், நார்த் கரோலினாவின் ராலேக்குத் தெற்கே இரண்டேகால் ஏக்கர் புல்வெளிக்காக வாங்கியது. விற்றவர் சொந்தப் பட்டறையும் பெயர்ப்பலகையும் உள்ள வியாபாரி. கடைக்குப் பின்னால் சமதளத் தார்த் தரையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். நேராகப் போனது, நின்ற இடத்திலேயே சுழன்றது, பிளேடு சுத்தமாகச் சுற்றியது. பணம் கைமாறியது.

முதல் வாரம் வெட்டும்போது 35-வது நிமிடத்தில் வலது சக்கரம் தளர்ந்தது. பின்பக்கத்துச் சிறிய ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் இடது சக்கரம் மட்டும் இழுத்து வண்டி கோணிக்கொண்டது. பிளேடை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், அதை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் எல்லாம் பழையபடி வேலை செய்தது. வியாபாரியின் பதில் ஒரே வரி: ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சடித்திருக்கிறதே.

இந்தப் பத்து நிமிட ஓட்டம்தான் வலை. கணக்குப் போட்டால் புரியும். டெக்கின் அகலத்தை அங்குலத்திலும் வேகத்தை மணிக்கு மைலிலும் வைத்துப் பெருக்கி 99-ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் என்று வரும். 54-ஐ 6-ஆல் பெருக்கி 99-ஆல் வகுத்தால் சுமார் 3.3. வரிசைக்கு வரிசை ஒட்டி வெட்டுவதும் திருப்பங்களும் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம் 2.6. ஆக இரண்டேகால் ஏக்கருக்கு 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். வாரா வாரம் வெயிலில் அத்தனை நேரம் ஓட வேண்டிய வண்டியைப் பத்து நிமிடத்தில் எடை போட முடியாது.

ஆறியபோது நன்றாக இருப்பது சூட்டில் ஏன் படுத்துவிடுகிறது? ஜீரோ டர்னில் கியர் பெட்டி கிடையாது. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனி ஹைட்ரோ யூனிட். உள்ளே ஒரு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தத்தில் ஒரு மோட்டார் சுழன்று சக்கரத்தைத் திருப்பும். பம்பின் பிஸ்டன்களும் அவை உரசி ஓடும் தட்டும் தேய்ந்துவிட்டால், எண்ணெய் வேலை செய்யாமல் இடுக்கு வழியே திரும்பிவிடும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை இந்தக் கசிவு குறைவு. சூடேறி இளகியதும் அழுத்தம் நிற்காது. சமதளத்தில் அப்போதும் உருளும், ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்படும். அதிலும் ரிவர்ஸில் ஏற்றம் ஏறச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்குமே, தார்த் தரையில் எப்படி நேராகப் போனது என்று கேட்கலாம். இதில்தான் கைவேலை. நல்ல பக்கத்தின் முன்னோக்கிய வேகத்தை மட்டுப்படுத்தும் ஸ்டாப் போல்ட்டைத் திருகி, அதையும் தளர்ந்த பக்கத்தின் அளவுக்கு இறக்கிவிட்டால் வண்டி நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். இந்த வண்டியில் அந்த போல்ட்டை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டில், இடது பக்கம் மட்டும் ஸ்பானர் பட்ட புதுத் தழும்பு, கடைசி மரை வரை திருகியிருந்தது. வலது பக்கத்து நட்டில் ஆண்டுக்கணக்கான தூசு.

இதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மணிக்கு ஒரு மைல் என்பது நிமிடத்துக்கு 88 அடி. டேப்பால் 88 அடி அளந்து இரு முனையிலும் குறி போடுங்கள். பின்னாலிருந்தே முழு வேகம் எடுத்து வந்து, முதல் குறியைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். 10 வினாடி என்றால் 6 மைல், 7.5 வினாடி என்றால் 8 மைல். வண்டியின் கையேட்டில் 8 மைல் என்றிருந்தால் ஏழரை வினாடியை ஒட்டி வர வேண்டும். இந்த வண்டி குளிர்ந்திருக்கும்போதே 10 வினாடி எடுத்தது, அதாவது அப்போதே கால் பங்கு வேகம் காணாமல் போயிருந்தது. 40 நிமிடம் புல் வெட்டியபின் 14 வினாடி. ஆறிய கணக்கும் சூட்டுக் கணக்கும் இவ்வளவு தள்ளி நின்றால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

எல்லாத் தளர்ச்சியும் யூனிட்டின் தேய்மானம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காகப் பின்னால் இரண்டு பைபாஸ் லீவர்கள் இருக்கும். ஒன்று முழுதாக மூடாமல் பாதியில் நின்றாலும் அந்தப் பக்கம் வலுவிழக்கும். டிரைவ் பெல்ட் பளிங்காகத் தேய்ந்து வழுக்கினால் இரண்டு பக்கமுமே தளரும். எண்ணெய் மாற்றியபின் உள்ளே காற்று நின்றுவிட்டாலும் இதே கூத்துதான். அதற்குப் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, பைபாஸைத் திறந்து, எஞ்சின் ஓட, ஓட்டும் லீவர்களை ஐந்தாறு முறை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ள வேண்டும். பிறகு பைபாஸை மூடி அதையே மறுபடி செய்தால் காற்று வெளியேறிவிடும். இந்த வண்டியில் இவை எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு யூனிட்டில்தான். புது யூனிட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் டாலர், கூலி தனி.

யூனிட்டின் மாடல் எண்ணைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் ஈஇசட்டி வகை வீட்டு வண்டிகளுக்கானது, வெளியே ஃபில்டர் கிடையாது. இசட்டி-2800, 3100, 3400 என்று ஏறிக்கொண்டே போகும் வகைகளில் திருகி மாற்றக்கூடிய ஃபில்டர் உண்டு, 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். முதல் மாற்றம் 75 முதல் 100 மணிக்குள், பிறகு 400 மணிக்கு ஒருமுறை. ‘கமர்ஷியல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிக்கடியில் ஈஇசட்டி தொங்கினால் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். எஞ்சினிலும் இதே கணக்கு. காவசாகியில் எஃப்ஆர் வரிசை வீட்டு வண்டிக்கு, எஃப்எக்ஸ் தொழில் செய்பவர்களுக்கு. இரண்டேகால் ஏக்கருக்கு எஃப்ஆரே தாராளம். குறைந்ததை உயர்ந்த விலைக்கு வாங்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது அந்த 180 மணி. இந்தப் பொய்யை நம்ப வைப்பது அதன் அளவு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு மணி நேரம் வெட்டும் வீட்டுக்காரருக்கு ஆண்டுக்கு 30 மணி ஓடும். ஆறு வயது வண்டிக்கு 180 என்றால் பொருத்தமாகத்தானே இருக்கிறது. புல் வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர் அதை ஐந்தாறு வாரத்தில் ஓட்டிவிடுவார். பல வண்டிகளில் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் இரண்டு ஒயரில் நிற்கும் தனிப் பெட்டி. இருபது முப்பது டாலருக்குப் புதிது வாங்கி மாட்டினால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே மீட்டரை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள்.

முதலில் கால் வைக்கும் தகடு. வீட்டு வண்டியில் அதன் சொரசொரப்பு அப்படியே இருக்கும், இதில் குதிகால் படும் இடம் வழவழப்பாகி வெள்ளை இரும்பு தெரிந்தது. டெக் உயரத்துக்குக் குச்சி செருகும் துளைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவம் எடுத்திருந்தன. முன்சக்கரக் கவட்டையைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்றது. ஃபிரேமில், தொழில் செய்பவர்கள் ட்ரிம்மரை (ஓரப் புல் வெட்டும் கைக்கருவி) வைக்கும் ஸ்டாண்ட் மாட்டிய நான்கு துளைகளில் பிளாஸ்டிக் மூடி. எஞ்சின் மூடியின் பக்கவாட்டில், வெயில் படாத நிறத்தில் ஒரு பெரிய எண் ஒட்டியிருந்த தடம். வீட்டுக்காரர் தன் ஒரே வண்டிக்கு எதற்கு எண் போடப் போகிறார்?

டெக்கின் அடிப்பக்கம் கறுப்புப் பெயின்டில் மின்னியது. பழைய டெக்கின் அடியில் காய்ந்த புல்லும் துருவும் இருப்பதுதான் இயல்பு, அங்கே புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். சுரண்டியதும் நடு ஸ்பிண்டில் (பிளேடு மாட்டும் தண்டு) அமரும் இடத்தைச் சுற்றி வெல்டிங் கோடு வெளிவந்தது. தகட்டின் தடிமனும் விளம்பரத்தில் ஏமாற்றும் இடம்தான். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 7 கேஜ் சுமார் 4.5 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, 12 கேஜ் 2.7. ஸ்பிண்டில் பேரிங்கைப் பார்க்க ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தாலும், சுழற்றும்போது மணல் அரைக்கும் சத்தம் கேட்டாலும் பேரிங் போய்விட்டது.

பிளேடு கிளட்ச் மின்காந்தத்தில் பிடிப்பது. தட்டு தேயத் தேய இடைவெளி கூடும், சூட்டில் காந்த வலு குறையும், இரண்டும் சேர்ந்தால் பிடிக்காது. பெரும்பாலான கிளட்ச்களில் இடைவெளி 0.012 முதல் 0.015 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, கிளட்சின் மூன்று நட்டுகளையும் சமமாக முடுக்கினால் சிலவற்றைக் காப்பாற்றலாம். இதில் தட்டே தேய்ந்துவிட்டது. வாங்குமுன் வண்டி சூடான நிலையில் ஐந்தாறு முறை போட்டு நிறுத்திப் பாருங்கள்.

எஞ்சினுக்கு நேரெதிர் விதி: அதை ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். போய் இறங்கியதும் எஞ்சின் மூடியில் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருமுன்பே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் ஸ்டார்ட்டின் நீலப் புகையையும் திணறலையும் உங்களுக்குக் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை. மேல் மூடியைக் கழற்றி, குளிர்விக்கும் செதில்களுக்குள் புல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிண்டருக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷன் எண்ணைக் காட்டி அசத்தினால் மயங்க வேண்டாம். ஸ்டார்ட் எளிதாக வேண்டுமென்று வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு இந்த எஞ்சின்களில் உண்டு, அந்த எண் நம்பத்தக்கதல்ல. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை கேளுங்கள்.

இந்த வண்டியில் மன்னிக்கவே முடியாதது இருக்கைக்கு அடியில் இருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று உணரும் சீட் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு துளைகளையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஆள் விழுந்தாலும் பிளேடு நிற்காது. சோதிக்க, வண்டி நிற்கும்போது, அருகில் யாரும் இல்லாமல், பிளேடைப் போட்டுவிட்டு இருக்கையிலிருந்து உடலை லேசாக மட்டும் தூக்குங்கள், இறங்கக் கூடாது. எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த வண்டியில் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. செம்மண் சரிவுள்ள இந்தப் பக்கத்தில் இது விளையாட்டல்ல. முன்சக்கரங்கள் தாமாகத் திரும்புபவை, பிரேக்கும் ஸ்டியரிங்கும் பின்சக்கரங்களின் பிடிப்பில்தான் இருக்கின்றன. ஈரப் புல்லில் அவை வழுக்கினால் லீவரை எப்படி இழுத்தாலும் வண்டி சரிவின் போக்கில் போகும். பெரும்பாலான கையேடுகள் 10 அல்லது 15 டிகிரிதான் எல்லை என்கின்றன. செல்போனில் சாய்வு காட்டும் செயலியை ஒரு பலகைமேல் வைத்து அளந்துவிடலாம். குளத்தங்கரை போன்ற சரிவுகளை ட்ரிம்மருக்கு விட்டுவிடுங்கள்.

பணம் போனபின் என்ன வழி? ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் சொல்லாத குறைக்குத்தான் தடுப்பு, எழுத்தில் சொன்ன பொய்க்குக் கேடயமாகாது. நார்த் கரோலினாவில் வியாபாரி ஏமாற்றி விற்றது நிரூபணமானால், மாநிலச் சட்டத்தின் 75-வது அத்தியாயப்படி நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கேட்கலாம். சின்ன வழக்குகளுக்கான நீதிமன்றத்தின் உச்ச வரம்பு 10,000 டாலர் (சில கவுண்டிகளில் இதைவிடக் குறைவு), வக்கீல் கட்டாயமில்லை. வீட்டுக்காரர் தன் ஒரே பழைய வண்டியை விற்றால் இந்த அத்தியாயம் பெரும்பாலும் பொருந்தாது. எதற்கும் சான்று வேண்டும், இங்கே விளம்பரம் அன்று மாலையே நீக்கப்பட்டுவிட்டது. படம் எடுத்து வைத்திருந்ததால்தான் ‘180 மணி’ என்ற சொல் கையில் நிற்கிறது.

ஆகவே போகும்போதே ஒரு தாள் எழுதி எடுத்துப் போங்கள்: வண்டியின் சீரியல் எண், எஞ்சினின் சீரியல் எண், ஓடிய மணி, ‘ஹவர் மீட்டர் மாற்றப்படவில்லை’ என்ற வரி, கீழே விற்பவரின் கையெழுத்துக்கு இடம். 40 நிமிட ஓட்டத்துக்கும் இந்தக் கையெழுத்துக்கும் சம்மதிக்காதவரிடம் டிரெய்லர் கதவைத் திறக்க வேண்டாம்.