புதிய மேற்பார்வையாளருக்கு எந்தப் பயிற்சி?

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். பதினெட்டுப் பேர் என் பொறுப்பில் வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள். முதல் மாதமே அந்த மூவரில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வந்தார். “அண்ணே, கொஞ்சம் நேரத்துக்கு வாருங்கள்” என்று சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. சொன்ன இடமும் சரியில்லை; ஆட்கள் நடுவே சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நிறுவனம் என்னை ஓட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. கழுத்தில் பெயர் அட்டை, காகிதக் கோப்பைகளை அடுக்கிக் கோபுரம் கட்டும் போட்டி, நல்ல பிரியாணி. அதைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது. அடுத்து நானாகவே, மேடையில் பேசப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் பிரிவு மேலாளர், பேச்சும் மனிதர்களோடு பழகும் விதமும் கற்றுத்தரும் டேல் கார்னகி வகுப்புக்குப் போய்வந்தார். அவரிடம் துருவித் துருவிக் கேட்டேன். மூன்றாவதாக டி.டபிள்யு.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) எனப்படும் பழைய தொழிற்சாலைப் பயிற்சி. அதன் கையேட்டை வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்தாறு மேற்பார்வையாளர்கள் மதிய உணவு நேரத்தில் படித்தோம்.

கார்னகி வகுப்பும் டோஸ்ட்மாஸ்டர்ஸும் ஒரு வகையில் உடன்பிறப்புகள். இரண்டும் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கக் கட்டடங்களில் பிறந்தவை. நியூயார்க் 125ஆம் தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் 1912இல் கார்னகி பேச்சு வகுப்பைத் தொடங்கினார். கேட்ட சம்பளத்தை அங்கே தரவில்லை, வசூலில் பங்குதான் தந்தார்கள் என்பார்கள். ரால்ஃப் ஸ்மெட்லி 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தை அமைத்தார். முன்னதில் ஆசிரியர் உண்டு. பின்னதில் ஆசிரியரே கிடையாது, உறுப்பினர்கள்தான் ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள். பெரிய வேறுபாடு இதுதான்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்தில் ஒருவர் கையில் கடிகாரத்துடன் உட்கார்ந்திருப்பார். முதல் உரைக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. இன்னொருவர் நாம் எத்தனை முறை ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆ’ என்று இழுக்கிறோம் என்று எண்ணுவார். என் முதல் உரையில் ‘வந்து’ மட்டும் இருபத்திரண்டு. தலைப்பை அங்கேயே கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வதும் உண்டு. இதெல்லாம் மேடைக் கூச்சத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் மேற்பார்வையாளருக்கு அங்கே கிடைக்கும் உண்மையான லாபம் வேறு. பேசியவரின் உரையைப் பற்றி இன்னொரு உறுப்பினர் எழுந்து இரண்டு மூன்று நிமிடத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்பதைப் பேசியவர் எதிரிலேயே, அவர் மனம் கோணாமல் சொல்ல வேண்டும். வாரந்தோறும் இந்தப் பழக்கம் வேறெங்கும் கிடைத்து நான் பார்க்கவில்லை. சேருபவர்கள் பலர் உரை நிகழ்த்தத் துடிக்கிறார்கள். இந்த வேலை வந்தால் நழுவுகிறார்கள். நானும் ஆறு மாதம் நழுவினேன்.

கார்னகி வகுப்பு வாரம் ஒன்றாக எட்டு வாரம் நடப்பது வழக்கமான வடிவம், மூன்றே நாளில் முடிப்பதும் உண்டு. சொந்த அனுபவத்திலிருந்து சுருக்கமாகப் பேசவைத்துத் தயக்கத்தை உடைப்பது அதன் பழைய உத்தி. மற்றவர் பெயரை நினைவில் வைப்பது, குறை சொல்வதைக் குறைப்பது, மனதாரப் பாராட்டுவது என்று பாடம் போகிறது. எங்கள் மேலாளர் திரும்பி வந்த பிறகு கேண்டீன் பையனைக்கூடப் பெயர் சொல்லி அழைத்தார். நல்ல மாற்றம்தான். ஆனால் உற்பத்தி தவறிய நாளில் அந்தச் சிரிப்பு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

டி.டபிள்யு.ஐ. வேறு வம்சம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமற்ற ஆட்கள் வந்து குவிந்தபோது, அவர்களை நடத்தத் தெரியாமல் திணறிய மேற்பார்வையாளர்களுக்காக 1940இல் அரசு தொடங்கிய திட்டம் அது. 1945இல் போரோடு அங்கே முடிந்துவிட்டது. ஜப்பானிய நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டன, டொயோட்டாவும் அவற்றில் ஒன்று. அதன் மூன்று பாடங்களில் ஆட்களோடு உள்ள உறவைப் பற்றிய பாடம் இரண்டு மணி நேர வகுப்புகள் ஐந்து, மொத்தம் பத்தே மணி நேரம். சட்டைப் பையில் அடங்கும் ஒரு அட்டை. அதில் நான்கு படிகள்: விவரம் சேகரி, எடைபோட்டு முடிவெடு, செயல்படு, பலனைச் சரிபார்.

படிக்கும்போது “இவ்வளவுதானா?” என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் தன் பிரிவில் நடந்த உண்மையான பிரச்சினை ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. நான் அந்த அண்ணனின் கதையைச் சொன்னேன். முதல் படியிலேயே மாட்டிக்கொண்டேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்தாயா? இல்லை. அவரிடம் காரணம் கேட்டாயா? இல்லை. பதிவேட்டைப் புரட்டினால், இரவு ஷிப்ட் முடிந்து காலை ஷிப்டுக்கு மாறும் வாரங்களில் மட்டுமே தாமதம். அந்த ஷிப்ட் அட்டவணையைப் போட்டது நான்.

செலவைப் பார்ப்போம். டோஸ்ட்மாஸ்டர்ஸில் 2023 அக்டோபர் முதல் சர்வதேசச் சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேர்பவருக்கு 20 டாலர் கூடுதல். இரண்டு ஆண்டாவது இருந்தால்தான் பயன் என்பதால் நேரம்தான் அதன் பெரிய செலவு. கார்னகி வகுப்பின் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. நிறுவனம் கட்டினால் போங்கள், கைக்காசு போட்டுப் போக நான் சொல்ல மாட்டேன். டி.டபிள்யு.ஐ. கையேடுகள் அமெரிக்க அரசின் பழைய வெளியீடுகள் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நடத்திக்கொடுக்கத் தேர்ந்த பயிற்றுநர் பக்கத்திலேயே கிடைப்பார் என்று நம்ப முடியாது. அது உண்மையான குறை. தெரியாதவர்கள் கூடிப் படித்ததில் நாங்கள் மூன்றாம் வகுப்பில் வழக்கு விசாரணை நடத்தும் பஞ்சாயத்தாகவே மாறிவிட்டோம்.

என்னைக் கேட்டால், பத்து இருபது பேரை நேரடியாக நடத்துபவர் டி.டபிள்யு.ஐ.யில் தொடங்கட்டும். ஆறு மாதம் கழித்து, கருத்துச் சொல்லும் பயிற்சிக்காகவே டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேரட்டும். வாடிக்கையாளர்களையும் இயக்குநர்களையும் எதிர்கொள்ள வேண்டியவராக இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். தனிப் பயிற்றுநரை வைத்துக்கொள்வது மேல்மட்டத்தாருக்கான ஏற்பாடு. ஷிப்ட் அளவில் அதற்குத் தேவையும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை.

ஒன்று மட்டும் மூன்றிலும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே விளிப்பு. நமக்கோ, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை ‘நீங்கள்’ என்று அழைத்துக்கொண்டே மெமோ கொடுக்க வேண்டியிருக்கிறது; அவர் நம்மைப் பழக்கத்தில் ‘நீ’ என்றுதான் அழைப்பார், அதைத் திருத்தவும் கூடாது. நான் அந்த அண்ணனிடம் இரண்டாம் முறை பேசியபோது லேத் பக்கம் நிற்கவில்லை. ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு அவரோடு நடந்தேன். அட்டவணையை நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று முதலில் சொன்னேன். “அது எனக்கு அப்போதே தெரியும்டா” என்றார்.