புவியியல் ஆசிரியர் சங்கம்: கட்டுகிற சந்தாவுக்கு என்ன கிடைக்கும்?

வட்டார அளவில் இயங்கும் புவியியல் கல்விச் சங்கத்தில் சேரலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் புரட்டுவது அதன் ஆய்விதழை. கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான். இதழ் நூலகத்திலும் கிடைத்துவிடும். உறுப்பினருக்கு மட்டும் கிடைப்பவை களப்பயணம், பயிற்சித் தாள், பட்டறை. இவற்றுக்குச் சந்தா தகுமா என்று கணக்குப் போட்டால் போதும்.

இந்த வகைச் சங்கங்கள் தொடங்கப்பட்டதே பாடப்பொருளைக் கைமாற்றிக்கொள்ளத்தான். 1893-ல் இங்கிலாந்தில் ஜியாகிரபிக்கல் அசோசியேஷன் உருவானபோது ஆசிரியர்கள் மனதில் இருந்தது, வகுப்பில் காட்டும் லாந்தர் சிலைடுகளை (விளக்கொளியில் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிப் படங்களை) பகிர்ந்துகொள்வது. அதன் இதழ் வந்தது 1901-ல்தான். 1926-ல் தொடங்கிய மதராஸ் புவியியல் சங்கம் பின்னாளில் இந்தியப் புவியியல் கழகமாக வளர்ந்தது.

சங்கத்தின் தரத்தை எடைபோட அதன் களப்பயணத் தாள் ஒன்று போதும். சேருவதற்கு முன்பே போன ஆண்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அங்கேயே சந்தேகப்படலாம். ஆற்றின் வேகத்தை அளக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ‘10 மீட்டர் தூரத்துக்கு மிதவையை விட்டு நேரம் குறிக்கவும்’ என்பதோடு தாள் முடிந்துவிட்டால், எழுதியவர் ஆற்றில் கால் வைத்ததே இல்லை. விவரம் தெரிந்தவர் எழுதிய தாள், தொடக்கக் கோட்டுக்கு ஓரிரு மீட்டர் மேலே மிதவையை விடச் சொல்லும். கோட்டுக்கு வரும்போது அது தண்ணீரின் வேகத்தைப் பிடித்திருக்க வேண்டும். கையை விட்டதுமே கடிகாரத்தைத் தட்டினால் நேரம் கூடும், வேகம் குறைவாகத் தெரியும். மிதவை எது என்பதும் அதில் இருக்கும்: தக்கையைக் காற்று தள்ளும், ஆரஞ்சுப் பழம் பெரும்பகுதி மூழ்கி நீரோடு போகும். இரு கரையோரம், நடு ஆகிய மூன்று இடங்களிலும் மும்மூன்று முறை அளந்து, சராசரியை 0.85-ஆல் பெருக்கச் சொல்கிறதா என்றும் பாருங்கள். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால், அந்தப் பெருக்கல் விட்டுப்போனால் ஆற்றில் ஓடும் நீரின் அளவு கூடுதலாக வந்து நிற்கும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் இறங்கக் கூடாது என்ற வரியும், அப்போது போக வேண்டிய மாற்று இடமும் இல்லாத தாளை நம்பி மாணவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

நிலவரைபடத் தாள்களில் வேறொரு தொல்லை. 1:50,000 அளவைப் படத்தை ஏ3-யிலிருந்து ஏ4-க்குச் சுருக்கி நகலெடுத்தால் அது ஏறக்குறைய 1:70,700 ஆகிவிடும். 1 கிலோமீட்டருக்கு 2 செ.மீ. இருந்த இடத்தில் 1.4 செ.மீ.தான் இருக்கும். மூலையில் அச்சான விகிதம் மட்டும் பழையபடியே நிற்கும். மாணவர் அதை நம்பிக் கணக்குப் போட்டால் எல்லாத் தூரமும் தப்பு. கோட்டளவை, அதாவது தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் அளவுகோல், படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் அது மட்டும் சரியாக இருக்கும். விகிதத்தை அடித்துவிட்டுக் கோட்டளவையை மட்டும் விட்டுவைக்கும் சங்கம் நம்பகமானது.

கணினியில் இடத் தரவை வரைபடமாக்கும் ஜிஐஎஸ் பட்டறைகளின் தரம் ஏற்ற இறக்கமாகவே இருக்கிறது. க்யூஜிஐஎஸ் இலவச மென்பொருள், ஆகவே காசு மென்பொருளுக்கு இல்லை, சொல்லித்தருபவருக்கு. பலருக்கும் கைகூடாமல் போவது இரண்டு இடங்களில். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு இல்லை. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் சேர்ந்தே திறக்கும். ஆயமுறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு விடுபட்டால் அந்தத் தரவு அடுக்கு வரைபடத்தில் வேறெங்கோ போய் உட்காரலாம். அடுத்து, எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்தால் பள்ளி கடலில் மிதக்கும். 12 பாகை 30 கலையை 12.30 என்று எழுதுவோரும் உண்டு, அது 12.5. பட்டறை நிரலில் சொந்தத் தரவை ஏற்றிப் பழகுவதற்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தயார் செய்து வைத்த தரவை மட்டும் திரையில் ஓட்டிக் காட்டும் பட்டறைக்கு விடுப்பு எடுப்பது வீண்.

மாணவர்களைப் போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு. 1996-ல் தொடங்கிய சர்வதேசப் புவியியல் ஒலிம்பியாடில் 16 முதல் 19 வயதுக்குட்பட்ட நால்வர் ஓர் அணி. அங்கே களப்பணிக்கு மட்டும் 40 விழுக்காடு மதிப்பெண். வகுப்பறைக்குள்ளேயே பயிற்சி கொடுத்து இதை ஈடுகட்ட முடியாது.

சேரும் வேலை சுலபம், சில்லறைச் சிக்கல்கள்தான் அதிகம். சந்தா ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். ஆண்டு முடியும் தறுவாயில் கட்டினால் இரண்டு மாதத்தில் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். பழைய சங்கங்கள் சிலவற்றில் ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர் விண்ணப்பத்தில் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். பள்ளியின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்காதீர்கள். மாற்றலாகிப் போனால் அறிவிப்பெல்லாம் அங்கேயே தங்கிவிடும். நிறுவன உறுப்பினராகப் பள்ளி சேர்ந்திருந்தால் எத்தனை ஆசிரியர்களுக்குச் சலுகை, யாருக்கு ஓட்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் உறுப்பினர் எண் இருக்க வேண்டும். மாநாட்டுக் கட்டணச் சலுகைக்கு அதைத்தான் கேட்பார்கள்.

ஆயுள் சந்தா கணக்குக்கு லாபமாகத் தெரியும். கடந்த இரண்டு ஆண்டுகளின் வரவுசெலவு அறிக்கையைக் கேட்டு, கையில் கிடைத்த பிறகு கட்டுங்கள். அதுவரை ஓராண்டுச் சந்தாவே சரி. ஆண்டுக்கு ஒரு களப்பயணத்துக்காவது போக நேரம் கிடைக்காதவர்களுக்கு அதுவும் தேவையில்லை. இதழ் மட்டும் போதுமென்றால் அதை வாங்கும்படி நூலகத்திடம் சொல்லலாம்.