இங்கிலாந்து தேவாலயங்களில் தன்பாலினத் திருமணம்: எந்தச் சபையின் சேவை எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்பாலின இணையர் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாமா? அந்தத் தேவாலயம் சம்மதித்தால் செய்துகொள்ளலாம். 2013 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டப்படி முதல் திருமணங்கள் 2014 மார்ச் 29 அன்று நடந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தச் சபை என்ன தருகிறது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. இங்கே சபைகளின் இறையியலுக்கு மார்க் போடப்போவதில்லை. ஒரு சேவையாக மட்டும் பார்க்கிறோம்: கேட்டால் தெளிவான பதில் வருகிறதா, நடத்திவைக்கும் சடங்கு முழுமையானதா, அலைச்சல் யார் தலையில் விழுகிறது?

முதலில் சட்டம். இதற்கு ‘நான்கு பூட்டு’ என்று பெயர் விழுந்துவிட்டது. எந்தச் சபையையும் எந்தப் போதகரையும் இந்தத் திருமணத்தை நடத்தும்படி கட்டாயப்படுத்த முடியாது. சபையின் ஆளும் அமைப்பு தானாக முன்வந்து எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நடத்தும் போதகரும் தன் பங்குக்குச் சம்மதிக்க வேண்டும். மறுத்தவர் மீது 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் பாகுபாட்டு வழக்கு நிற்காது. கடைசிப் பூட்டு ஆங்கிலிக்கன் சபைகளான இங்கிலாந்து திருச்சபைக்கும் வேல்ஸ் திருச்சபைக்கும் உரியது. அவை நினைத்தால்கூட மற்ற சபைகளைப் போல ஒரு சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டுத் திருமணம் நடத்த முடியாது.

இந்தப் பாதுகாப்பு போதகரோடு நிற்பதில்லை. திருமணத்தில் பங்கெடுக்கவோ உடனிருக்கவோ யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. அரசுப் பதிவாளர்களுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. மனசாட்சியைக் காரணம் காட்டித் தன்பாலின இணையரின் குடிமை இணைப் பதிவுகளை (திருமணச் சட்டத்துக்கு முன்பிருந்த சட்டப் பதிவு) மறுத்த இஸ்லிங்டன் பதிவாளர் ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2013 ஜனவரியில் தோற்றார். ஆராதனை சபையின் வேலை, பதிவு அரசின் வேலை என்ற இந்தப் பிரிவினை சரியானது. மத சுதந்திரத்துக்கு எதிரானது தன்பாலினத் திருமணம் என்று இன்னும் சொல்பவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். அதேபோல், எல்லாத் தேவாலயத்தையும் சட்டத்தால் திறக்க வேண்டும் என்பவர்களும், விருப்பமில்லாத போதகர் முன்னால் நின்று உடன்படிக்கை சொல்ல எந்த இணையருக்கு மனம் வரும் என்று யோசிக்க வேண்டும். மறுக்கும் உரிமை உள்ளவர் மனதார ‘சரி’ என்னும்போதுதான் அந்த ஆசீர்வாதத்துக்கு எடை கூடுகிறது.

சபைகளுக்கு வருவோம். சேவையில் முதலிடம், மௌன வழிபாட்டுக்குப் பேர்போன கிறிஸ்தவக் குழுவான குவேக்கர்களுக்குத்தான். 2009-இல் யார்க் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்திலேயே, சட்டம் வருவதற்கு முன்பே, தன்பாலின இணையரையும் மற்றவர்களைப் போலவே நடத்துவது என்று முடிவெடுத்தவர்கள். இவர்களுக்குள்ள பெரிய வசதி, குவேக்கர் திருமணம் பதிவு பெற்ற கட்டடத்தோடு கட்டிப்போடப்படவில்லை என்பது. ஒவ்வொரு ஆலயத்துக்கும் தனித்தனியாகப் பதிவு வாங்கும் தொல்லை இல்லை. வட்டாரக் கூட்டம் என்ற அவர்களது உள்ளூர் அமைப்பின் பதிவு அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் முன்பே பேசிவிடுவது நல்லது. போதகர் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருக்க, இணையர் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். பிறகு மீண்டும் மௌனம். யாருக்காவது பேசத் தோன்றினால் எழுந்து பேசலாம். முடிந்ததும் பெரிய சான்றிதழ் ஒன்றை மேசையில் விரிப்பார்கள். அதில் வந்திருக்கும் அத்தனை பேரும், எழுதத் தெரிந்த குழந்தைகள் உட்பட, வரிசையில் வந்து கையெழுத்துப் போடுவார்கள். அழகான வழக்கம். ஆனால் பாட்டு, ஊர்வலம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். குவேக்கர் வழிபாட்டோடு ஓரளவாவது ஒட்டுதல் இல்லாதவர்களை, அவர்கள் எந்தப் பாலினமானாலும், யோசித்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள்.

நம் ஆட்கள் ‘கல்யாணம்’ என்றதும் நினைக்கும் முழு ஆராதனையை, ஞானப்பாட்டு, வேதவாசிப்பு, மோதிரம், ஆசீர்வாதம் எல்லாம் சேர்த்துத் தருபவை மெதடிஸ்ட் சபையும் ஐக்கிய சீர்திருத்த சபையும். சீர்திருத்த சபை 2016 ஜூலையில் 240-க்கு 21 என்ற வாக்கிலும், மெதடிஸ்ட் மாநாடு 2021 ஜூன் 30 அன்று 254-க்கு 46 என்ற வாக்கிலும் கதவைத் திறந்தன. இரண்டும் திறந்த விதம் வேறு. சீர்திருத்த சபையில் அந்தந்த ஊர் சபையாரின் கூட்டம்தான் ஆளும் அமைப்பு. அவர்கள் ஓட்டுப்போட்டு முடிவெடுப்பார்கள், மேலிடம் தலையிடாது. மெதடிஸ்ட் சபையில் மாநாடு பொதுவாகச் சம்மதம் கொடுத்துவிட்டது. ஆலயத்தைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்த ஆலயத்தின் நிர்வாக அறங்காவலர்கள் தீர்மானிக்கிறார்கள். திருமணம் பற்றிய இரண்டு பார்வைகளையும் ஒரே சபைக்குள் மதிப்போடு வைத்துக்கொள்வது என்று மெதடிஸ்டுகள் எடுத்த முடிவு துணிச்சலானது.

நடைமுறையில் இடறல் வருவதும் இங்கேதான். போதகருக்குச் சம்மதம், அறங்காவலர்களுக்கு இல்லை என்றால் அந்தக் கட்டடம் கிடைக்காது. அறங்காவலர்கள் சரி என்று போதகர் தயங்கினால், வட்டாரத்தில் வேறு போதகரைக் கேட்கலாம். இரு தரப்பும் சரி என்றாலும், தன்பாலினத் திருமணத்துக்கென்று அந்தக் கட்டடம் தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆண் பெண் திருமணத்துக்கு ஏற்கெனவே இருக்கும் பதிவு இதற்குச் செல்லாது. ஆளும் அமைப்பின் சம்மதப் பிரதியோடு மேற்பார்வைப் பதிவாளரிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டடத்தை இரண்டு மூன்று சபைகள் முறைப்படி பகிர்ந்துகொண்டிருந்தால் எல்லோருடைய சம்மதமும் தேவை. எனவே ‘எங்கள் சபை அனுமதிக்கிறது’ என்ற பதிலை நம்பித் தேதி குறிக்காதீர்கள். ‘இந்தக் கட்டடம் பதிவாகியிருக்கிறதா’ என்று கேளுங்கள். திருமணத்துக்குப் பதிவான வழிபாட்டிடங்களின் பட்டியலை அரசு இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

அடுத்து நோட்டீஸ், அதாவது திருமணம் செய்யப்போவதாகப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் அறிவிப்பு. இருவரும் அவரவர் வசிக்கும் பதிவு மாவட்டத்தில் ஏழு முழு நாட்களாவது இருந்த பிறகு, நேரில் போய்த் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 42 பவுண்டு. வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால் சேர்ந்து போக வேண்டியிருக்கும், கட்டணமும் கூடும். நோட்டீஸுக்குப் பிறகு 28 நாள் காத்திருப்பு. குடிவரவுத் துறை விசாரிக்க நினைத்தால் அது 70 நாளாகும். விசாவில் இருப்பவர்கள் இந்த 70 நாளை வைத்தே தேதி குறிப்பது உத்தமம். நோட்டீஸ் 12 மாதம் செல்லும். அதில் இடத்தின் பெயரையும் எழுத வேண்டும் என்பதால், நடுவில் ஆலயத்தை மாற்றினால் நோட்டீஸ், கட்டணம், காத்திருப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

பலர் கவனிக்காத இன்னொரு விதியும் உண்டு. ஓட்டல் மண்டபத்தில் நடக்கும் குடிமைத் திருமணத்தை நாட்டின் எந்த மூலையிலும் வைத்துக்கொள்ளலாம். ஆலயத் திருமணம் அப்படியல்ல. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் வசிக்க வேண்டும், அல்லது அது அவர் வழக்கமாக ஆராதிக்கும் இடமாக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தச் சபைக்குத் தகுந்த ஆலயமே இல்லையென்றால், அருகிலுள்ள மாவட்டத்துக்குப் போகலாம். புகைப்படத்தில் பார்த்துப் பிடித்துப்போன கடலோரத்து ஆலயத்தைப் பேசி முடிப்பவர்கள் பதிவு அலுவலகத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

நோட்டீஸ் காலம் முடிந்ததும் திருமண அட்டவணை என்ற ஒற்றைத் தாள் தயாராகும். 2021 மே 4 முதல் பழைய தடித்த பதிவேடுகளுக்குப் பதிலாக இதுதான். அம்மாக்களின் பெயரும் தொழிலும் அப்போதிருந்துதான் இடம்பெறுகின்றன. கையெழுத்துக்கு முன்னால் இதை எழுத்தெண்ணிப் படியுங்கள். தமிழர் பெயர்களில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், முதலெழுத்து விரிந்தும் விரியாமலும் பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறும். திருமணத்துக்குப் பிறகு திருத்துவது பெரிய தலைவலி. கையெழுத்தான தாள் 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அதன் பிறகே சான்றிதழ், பிரதி 12.50 பவுண்டு.

ஆராதனையில் தமிழ் ஜெபம், தமிழ்க் கீர்த்தனை எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். சட்டத் தடை ஏதும் இல்லை என்ற அறிவிப்பையும், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்ற ஒப்பந்த வாக்கியத்தையும் மட்டும் ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டும்; வேல்ஸில் வெல்ஷ் மொழியும் ஆகும். இரண்டு சாட்சிகள் வேண்டும். கதவைப் பூட்டி நடத்தக் கூடாது. யாரும் உள்ளே வரக்கூடியதாக இருக்க வேண்டும். ஆலயத்தில் திருமணங்களைப் பதிவு செய்ய அதிகாரம் பெற்ற ஆள் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவர் மனசாட்சியை முன்னிட்டு விலகிக்கொண்டால் அரசுப் பதிவாளரை அழைக்க வேண்டும். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் பதிவாளர் கிடைப்பது கஷ்டம். இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கிலாந்து திருச்சபை ஏன் மற்றவர்களைப் போல முடிவெடுக்க முடியவில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அரசோடு பிணைந்த சபை அது. அதன் சபைச் சட்டம் நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி. பங்கில் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தில்) வசிக்கும் எவருக்கும், விசுவாசியோ இல்லையோ, பங்கு ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ளும் உரிமை பழங்காலம் தொட்டு உண்டு. அந்தக் கடமை தன்பாலின இணையருக்கும் நீண்டால் குருவானவர்கள் மறுக்கவே முடியாமல் போகும் என்பதால்தான் தனிப் பூட்டு. காரணம் நியாயம்தான். ஆனால் அந்தப் பூட்டுக்குள் இருந்துகொண்டு சபை தரும் சேவை மெலிந்தது. 2023 டிசம்பர் 17 முதல், வழக்கமான ஆராதனைக்குள் தன்பாலின இணையருக்காகச் சில ஜெபங்களைச் சொல்லலாம். விருப்பமுள்ள குருவானவர் மட்டும் சொல்வார். ஞாயிறு ஆராதனையின் நடுவே சில நிமிடம், அவ்வளவுதான். தனி ஆராதனையாக நடத்த வேண்டுமென்றால் சபையின் சட்டமன்றம் போன்ற பொதுச் சினட்டின் மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்பது 2025 அக்டோபரில் பேராயர்கள் எடுத்த நிலைப்பாடு. பல ஆண்டுகள் பேசி, இணையரை ஏற்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை என்ற இடத்தில் நிறுத்தியிருப்பது வருத்தம் தருகிறது. நேராக ‘இல்லை’ என்று சொல்லும் சபையிடம்கூட இந்த வேதனை இல்லை.

வேல்ஸ் திருச்சபை இதைவிடத் தேவலை. திருமணம் அங்கேயும் முடியாது. ஆனால் ஏற்கெனவே பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களுக்குத் தனி ஆசீர்வாத ஆராதனையை 2021 செப்டம்பரில் ஐந்தாண்டுச் சோதனை முறையாக அனுமதித்தார்கள். இப்படி இரண்டு கட்டமாகச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பதிவு அலுவலகச் சடங்கில் பைபிள் வாசிப்போ ஞானப்பாட்டோ வைக்க அனுமதி இல்லை. அதையெல்லாம் ஆலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்க சபை திருமணச் சேவையே தருவதில்லை, தரப்போவதாகவும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் அனுமதித்தது வழிபாட்டுச் சடங்கு அல்லாத எளிய ஆசீர்வாதம். பத்துப் பதினைந்து வினாடி என்று அடுத்த மாதமே விளக்கமும் கொடுத்துவிட்டார்கள். கல்யாண உடையோ பதிவுத் திருமணத்தோடு தொடர்போ கூடாது.

ஸ்காட்லாந்தில் வாழ்பவர்களுக்கு வேலை மிகவும் சுலபம். அங்கே சட்டம் கட்டடத்தைப் பார்ப்பதில்லை, நடத்துபவரைத்தான் அங்கீகரிக்கிறது. ஸ்காட்டிஷ் எப்பிஸ்கோப்பல் சபை 2017 ஜூனிலும், ஸ்காட்லாந்து திருச்சபை 2022 மே மாதத்தில் 274-க்கு 136 என்ற வாக்கிலும் வழி திறந்தன. விரும்பும் போதகர் தன் பெயரைக் கொடுத்துக்கொள்கிறார். அங்கே நோட்டீஸாகக் கொடுக்கும் எம்10 படிவம் குறைந்தது 29 நாள் முன்னால் போய்ச் சேர வேண்டும். கையெழுத்தான அட்டவணையை மூன்றே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். போதகரின் மனசாட்சிக்கு இங்கிலாந்தில் உள்ள அதே மரியாதை இங்கும் உண்டு. கட்டடப் பதிவு என்ற அலைச்சல்தான் இல்லை. இங்கிலாந்தும் இந்த முறைக்கு மாற வேண்டும்.

அதுவரை, எந்த ஆலயத்துக்கும் முதல் மின்னஞ்சலிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்தக் கட்டடம் தன்பாலினத் திருமணத்துக்குப் பதிவாகியிருக்கிறதா? நடத்திவைக்கச் சம்மதிக்கும் போதகர் யார்? அன்றைக்குப் பதிவு செய்ய அதிகாரம் பெற்றவர் இருப்பாரா, பதிவாளரை நாங்கள் அழைக்க வேண்டுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். விருந்து மண்டபத்துக்கு முன்பணம் அதற்கும் பிறகு.