மானிட்டருக்குப் பின்னால் போன சிபியு

ஜிஎஸ்டி, வருமான வரி, கணக்கு எழுதுவது என்று ஓடும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. ஈரோட்டில், ஜவுளிக் கடைகளுக்கு நடுவில். ஆறு மேசைகளிலும் இருந்த பழைய டவர்களைக் கழித்துவிட்டு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) மினி பிசிக்களுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி என்று மூன்று கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்கிற வகை இது: 18 செ.மீ. சதுரம், மூன்றரை செ.மீ. உயரம், கொள்ளளவு ஒரு லிட்டர் சொச்சம். பெரிய நிறுவனங்கள் லீஸ் முடிந்து கழிக்கும் பெட்டிகள் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நிறையவே கிடைக்கும். எங்களுடையவற்றில் இருக்கும் பிராசஸர் இன்டெல் ஐ5-8500டி, எட்டாம் தலைமுறை. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும்.

கடைசியில் இருக்கும் அந்த ‘டி’யில்தான் விஷயம். சாதாரண 8500க்கும் இதற்கும் ஆறு கோர்தான் (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்). அது 65 வாட், இது 35 வாட். அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.1க்கு இறங்கிவிடும். கணக்கு எழுதும் டேலி, எக்செல், வரி போர்ட்டலில் ரிட்டர்ன் ஏற்றுவது எதிலும் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கும்போது மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆடிட் சீசனில் அது எரிச்சல்தான்.

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பழைய டவர் சும்மா இருக்கும்போதே 45 வாட் அளவுக்கு இழுக்கும். இது 10 வாட்டை ஒட்டி நிற்கிறது, வேலை செய்யும்போது 15, 20. இப்போது மேசையில் அதிக மின்சாரம் குடிப்பது பெரும்பாலும் மானிட்டர்தான். மேசைக்கு 35 வாட் குறைந்தால், ஒன்பது மணி நேரம், ஆறு மேசை, மாதம் 25 நாள் என்று போட்டால் 47 யூனிட் வரும். பில்லில் தெரியும், ஆனால் வாழ்க்கை மாறிவிடாது. “ஏசி செலவும் பாதியாகிவிடும்” என்று விற்பவர்கள் அளப்பதை நம்ப வேண்டாம். ஆறு மேசையும் சேர்ந்து 200 வாட் சூடு குறைகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3,500 வாட். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான லாபம் யூபிஎஸ்ஸில். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் போகும் நாளில், பழைய டவர் இருந்தபோது யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் சேவ் பண்ணி மூடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். அதே யூபிஎஸ், அதே பேட்டரி, இப்போது ஒரு ரிட்டர்னை நிதானமாக முடித்துவிடலாம். சுமை பாதியானால் நேரம் இரட்டிப்புக்கும் கொஞ்சம் மேலேயே வருகிறது. ஈய அமில பேட்டரியிடம் மெதுவாக வாங்கினால் அது கூடுதலாகக் கொடுக்கும்.

இனி டிசைன். முன்பக்கம் ஒரு பட்டன், இரண்டு யூஎஸ்பி, ஹெட்போன் துளை, அவ்வளவுதான். மின்னும் விளக்கு, வளைவு, குரோம் பூச்சு எதுவும் கிடையாது. மங்கிய கறுப்பு, விரல் ரேகைகூடத் தெரியாது. மானிட்டரின் முதுகில் மாட்டிவிட்டால் மேசை மொத்தமும் ஃபைலுக்கு. வரும் வாடிக்கையாளர்கள் “சிபியு எங்கீங்க வெச்சிருக்கறீங்க?” என்று குனிந்து தேடுவார்கள்.

ஆனால் இந்த எளிமையில் ஒரு ஏமாற்று உண்டு. பெட்டி சிறுத்ததற்கு ஒரு காரணம், பவர் சப்ளையை வெளியே தள்ளிவிட்டார்கள். லேப்டாப் அடாப்டர் மாதிரி ஒரு கட்டி மேசைக்கடியில் தொங்குகிறது, அதற்கு முன்னும் பின்னும் ஒயர். விளம்பரப் படத்தில் அதைக் காட்டவே மாட்டார்கள். இந்த விஷயத்தில் ஆப்பிளைப் பாராட்ட வேண்டும். 2005இல் வந்த முதல் மேக் மினிக்கும் இப்படி ஒரு வால் இருந்தது. 2010 மாடலில் அதைப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 போட்டு 2020இல் வந்த மேக் மினி சும்மா இருக்கும்போது 7 வாட், உச்சத்தில் 39 வாட் என்று அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். வேகத்தில் எங்கள் பெட்டி பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் டேலிக்கு விண்டோஸ் வேண்டும். அதோடு, அதில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது; பிற்பாடு கூட்ட வழியில்லை.

இங்கேதான் எனக்கு இந்தக் கறுப்புப் பெட்டி பிடித்துப்போனது. பின்னால் ஒரே ஒரு திருகு. கையாலேயே கழற்றி மூடியை நகர்த்தினால் உள்ளே எல்லாம் கண்முன். லேப்டாப் ரேம் போட இரண்டு ஸ்லாட், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தனி இடம். எட்டு ஜிபியைப் பதினாறாக்க எங்கள் டைப்பிஸ்ட் அக்காவே போதும், சர்வீஸ் ஆளைக் கூப்பிடவில்லை. வெளித் தோற்றத்தை விட அந்த ஒற்றைத் திருகை யோசித்தவருக்குத்தான் டிசைன் விருது கொடுப்பேன்.

தூசிதான் பெரிய எதிரி. இந்த ஊர்க் காற்றில் பஞ்சு பறக்கும். உள்ளே இருப்பது லேப்டாப் வகைச் சின்ன ஃபேன், சீக்கிரம் அடைத்துக்கொண்டு உறும ஆரம்பிக்கும். டவரில் இதே தூசி பல மாதம் தாங்கும், இதில் தாங்காது. காலாண்டு ரிட்டர்ன் முடிந்ததும் திறந்து ஊதிவிடுவது எங்கள் வழக்கம். சில மாடல்களுக்கு முன்பக்கம் மாட்டும் தூசி வடிகட்டி தனியாகக் கிடைக்கிறது, ஜவுளி ஊர்க்காரர்கள் முதலிலேயே வாங்கிவிடலாம்.

மானிட்டர் முதுகில் மாட்டினால் பட்டனும் முதுகுக்குப் போய்விடும். ரிட்டர்னில் டிஜிட்டல் கையொப்பம் போடும் யூஎஸ்பி டோக்கனைச் செருக ஒவ்வொரு முறையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு முன்னால் கொண்டுவந்துவிட்டோம். பட்டனுக்கு பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்) வழி இருக்கிறது: கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிடலாம், சில மாடல்களில் கீபோர்டிலிருந்தே ஆன் செய்யலாம். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதன் அகலமான போர்ட் இதில் இருக்காது என்பதைக் கவனிக்கவும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டே விஷயம். ஆறாவது, ஏழாவது தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள பெட்டிகளை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்னொன்று, அடாப்டரைக் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள். சில பெட்டிகள் வேற்று அடாப்டரைக் கண்டுகொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். கடையில் ஆன் செய்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.