அடங்கிய குரலுக்கு எல்.எஸ்.வி.டி. லவுட் பயிற்சி: ஒரு மதிப்பீடு

பார்க்கின்சன் நோயால் குரல் அடங்கிப்போன என் தந்தைக்கு நாங்கள் பார்த்த வைத்தியங்களில், பேச்சில் கண்கூடான மாற்றத்தைத் தந்தது எல்.எஸ்.வி.டி. லவுட் (லீ சில்வர்மன் வாய்ஸ் ட்ரீட்மென்ட்) என்னும் குரல் பயிற்சி ஒன்றுதான். மாத்திரைகள் அவருடைய நடையையும் கை இறுக்கத்தையும் தளர்த்திய அளவுக்குப் பேச்சைத் திருத்தவில்லை. இந்நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபா பேச்சுக்குக் கைகொடுப்பது ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதும், மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குப் பேச்சு மேலும் குழறக்கூடும் என்பதும் மருத்துவர்கள் அறிந்தவையே.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு லொரெய்ன் ராமிக்கும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய இப்பயிற்சிக்கு, பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரையே சூட்டினர். வாரத்துக்கு 4 நாள் வீதம் 4 வாரங்களில் 16 அமர்வுகள். ஒவ்வோர் அமர்வும் ஒரு மணி நேரம். அமர்வு இல்லாத நாளிலும் வீட்டுப் பயிற்சி உண்டு. வாரம் ஒருமுறை போய்வரும் வழக்கமான பேச்சுப் பயிற்சியைப் போல இதை எண்ணிச் சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே திணறிப்போவார்கள்.

இந்நோயில் குரல் தாழ்வது பாதிச் சிக்கல்தான். குரல் தாழ்ந்திருக்கிறது என்பது பேசுபவருக்கே தெரியாமல் போவது மறுபாதி. வீட்டில் நாங்கள் "என்னப்பா, கேக்கலையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டபோதெல்லாம், எங்கள் காதில்தான் கோளாறு என்று அப்பா உறுதியாக நம்பினார். பயிற்சியாளர் மேசைமீது ஒலியளவுமானியை வைத்து, "இன்னும் சத்தமா, சார்" என்று தாமே உரக்கச் சொல்லிக்காட்ட, அப்பாவும் குரலை உயர்த்தினார், உயர்த்தியவர் உடனே "இப்படிக் கத்தினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று சங்கடப்பட்டார். அப்போது அறையில் இருந்த எங்களுக்கு அது சாதாரணமாகப் பேசும் அளவாகவே கேட்டது. அவருடைய பேச்சைப் பதிவு செய்து அங்கேயே போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் சமாதானமானார். தொண்டையைவிடக் காதுக்கும் மூளைக்கும் தரப்படும் பயிற்சி இது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

"ஆ" என்ற ஒலியை இயன்றவரை நீட்டிப் பிடிப்பதிலும், அதையே மேல் சுருதிக்கும் கீழ் சுருதிக்கும் கொண்டுசெல்வதிலும் அமர்வின் முற்பகுதி கழிகிறது. அடுத்து, நோயாளி அன்றாடம் சொல்லும் 10 வாக்கியங்களை அவரே தேர்ந்தெடுத்து உரத்த குரலில் சொல்ல வேண்டும், "போன்ல யாரு?", "மாத்திரை எடுத்தாச்சா?" போன்றவற்றை அப்பா தேர்ந்தெடுத்தார். பிறகு சொல், தொடர், வாசிப்பு, உரையாடல் எனப் படிப்படியாக ஏறுகிறார்கள். உதட்டை இப்படி வை, மூச்சை அப்படி இழு என்று பத்துக் கட்டளைகள் இல்லாமல் "உரக்க" என்ற ஒரே கட்டளை இருப்பது, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கத் தடுமாறும் நோயாளிக்குப் பெரிய நிம்மதி. குரல் உயரும்போது வாய் திறப்பதும் எழுத்துகள் தெளிவதும் பெரும்பாலும் தாமே உடன்வருகின்றன.

பிரிட்டனில் 388 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், குரல் குறைபாட்டால் அன்றாட வாழ்வில் நேரும் இடர்ப்பாடு, இப்பயிற்சி பெற்றவர்களிடம் வழக்கமான பேச்சுப் பயிற்சி பெற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் சிலருக்குக் குரல் கரகரத்ததும் பதிவாகியுள்ளது. எனவே சேருவதற்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல் நாண்களைக் காட்டிவிடுவது அவசியம்.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விரைந்தோடும் பேச்சு சிலருக்கு உரத்த குரலால் மட்டும் கட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டமாக விரல் வைத்துப் பேசும் வேகப் பலகை அவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். புரோகிரெசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி போன்ற, பார்க்கின்சனை ஒத்த வேறு மூளை நோய்களிலோ பேச்சுக் குறை பெரும்பாலும் முன்னதாகவே தொடங்கி, குரல் தாழ்வதோடு இழுத்து இறுகிய பேச்சும் தள்ளாட்டமும் கலந்து விரைவாக முற்றுகிறது. அந்தக் குடும்பங்கள் முழு நம்பிக்கையையும் இந்த நான்கு வாரங்களில் வைக்காமல், பேச்சு புரியும் காலத்திலேயே எழுத்துகளைத் தொட்டுக்காட்டும் எழுத்துப் பலகையையும், தட்டச்சு செய்ததைப் பேசிக்காட்டும் கைபேசிச் செயலியையும் பழக்கத்தொடங்குவது நல்லது.

பார்க்கின்சன் நோயாளி என்றால், குரல் முழுவதும் தேயும்வரை காத்திருக்க வேண்டாம். இம்முறைக்கெனச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரா என்று கேட்டறிந்து, விழுங்குவதில் சிரமம் உண்டா என்பதையும் அவரிடமே சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஒருவராவது அமர்வுகளில் உடன் உட்கார வேண்டும். பயிற்சி முடிந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒருநாள் பயிற்சி விட்டுப்போனாலும் அப்பாவின் குரல் இறங்கத் தொடங்கும். அதை முதலில் கவனித்து அவரிடம் சொல்வது இன்றும் அம்மாவின் பொறுப்பாகவே இருக்கிறது.