அம்மாவுக்கு அது 'திறப்பு': ஏழாண்டு விபிஎன் அனுபவம்

முடக்கிய தளங்களுக்கு வெளிநாட்டு வழியாகக் கூட்டிப்போகும் செயலிதான் விபிஎன். அது ஓடும்போது ஆண்ட்ராய்டு திரையின் மேல் ஓரத்தில் சின்னத் திறப்பு (சாவி) ஒன்று தெரியும். அதைப் பார்த்து அம்மா வைத்த பெயர்தான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. "தம்பி, திறப்புப் போட்டாயா? அக்கா எடுக்கிற நேரம்."

கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அடுத்து, 2018 மார்ச் 7 அன்று இலங்கை அரசு முகநூல், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோடு அம்மா தினமும் வைபரில்தான் கதைப்பார். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், கண்ணில் பட்ட இலவச விபிஎன் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். இணைக்கும்போதெல்லாம் ஒரு சூதாட்ட விளம்பரம் ஓடும். அம்மா அதையும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் மகளோடு கதைப்பார்.

இலவசம் பையைக் கடித்தது 2019இல். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒன்பது நாள் தடை. சமூக வலைத்தளங்களுக்கென்று மலிவாக விற்கும் டேட்டாப் பொதிதான் எங்களிடம் இருந்தது. விபிஎன் போட்டால் எல்லாம் பூட்டிய ஒரே மூட்டையாகத்தான் வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகும். உள்ளே இருப்பது வாட்ஸ்அப்பா வேறா என்று தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாது. தெரியாததால்தான் தடை தாண்டப்படுகிறது. அதே காரணத்தால் மலிவுப் பொதியும் செல்லாது, சாதாரண டேட்டா கரையும். மூன்று நாளில் இரண்டு தடவை ரீலோட் போட்டேன்.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்று இதுவரை பார்க்கக்கூடியதாக இருந்தது உள்ளூர் நிறுவனம். இப்போது அந்த இடத்தில் ஊர் பேர் தெரியாத விபிஎன்காரன் ஒருவனை நானே கூப்பிட்டு உட்கார்த்தியிருக்கிறேன். அந்த ஆண்டு முடிவதற்குள், தன்னை வெளியார் பரிசோதித்த அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடும் ஒரு கட்டணச் சேவைக்கு மாறினேன். வேகம் பரவாயில்லை, பின்னேரத்தில் மட்டும் வீடியோ திக்கும். ஒரு முறை நான் அம்ஸ்டர்டாமிலிருந்து நுழைவதாக எண்ணி வங்கி என் கணக்கைப் பூட்டிவிட்டது. கிளைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, நான் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறேன் என்று யாழ்ப்பாணத்திலேயே நிரூபிக்க அரை நாள் போனது. வங்கிச் செயலியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விட அமைப்புகளில் வழி உண்டு. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

2022 ஏப்ரல் 3, பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களைத் தடுக்க ஊரடங்கு போட்ட ஞாயிறு. மறுபடி தடை. அன்று சிரிப்புத்தான் வந்தது. அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன்னில்தான் வந்திருப்பதாகவும் இப்படியான தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். பிற்பகலில் தடையை எடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைப் பொருளாக இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி பிபிசி தமிழோசை கேட்டவர் அப்பா. கையால் மிதியைச் சுற்றுவது என் வேலை. அந்த வீட்டில் பதினைந்து மணித்தியாலத் தடையை யார் கணக்கில் எடுப்பார்கள்?

2025 ஜூலை இறுதியில் பிரித்தானியாவில் ஆபாசத் தளங்கள் போன்றவற்றுக்கு வயதை உறுதிப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தவுடன் அங்கேயும் விபிஎன் செயலிகள் பதிவிறக்கப் பட்டியலில் முன்னுக்கு வந்தன. லண்டனில் இருக்கும் மச்சான் என்னிடம் எது நல்லது என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "லண்டனிலும் திறப்பு வேண்டுமாமா?" என்று அம்மாதான் வியந்தார்.

ஆனால் இந்தத் திறப்பு சேராத பூட்டு ஒன்று உண்டு. 2024 ஜனவரி 24 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தளங்களை முடக்குவதோடு நிற்பதல்ல. எழுதியவரையே தேடி வருவது. சில வகைப் பொய்க் கூற்றுகளுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரசியல் எழுதுபவர் சித்தப்பா ஒருவர்தான். முகநூலிலும் எழுதுவார். விபிஎன் போட்டுவிட்டு எழுதினால் பிரச்சினை இல்லைத்தானே என்று அவர் கேட்டார். அது போகிற வழியை மறைக்கும், பதிவின் மேலே இருக்கிற உங்கள் பெயரையும் படத்தையும் மறைக்காது என்றேன். கொஞ்ச நேரம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வருவதெல்லாம் நல்லூர்த் தேர்ப் படங்கள்தான்.